சின்ன விரலில் மை

கொழும்பு வெள்ளவத்தையில் என்னுடைய வோட்டைப் போட்டவன் என் மனைவியின் தம்பி. அவன் அதைப் போட்ட நேரம் நான் ஒக்லாந்தில், கோழி இறைச்சிப் பெட்டிகளுக்குத் திகதி முத்திரை குத்திக்கொண்டு நின்றேன். 1994 நவம்பர், இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். நாட்டைவிட்டு வெளிக்கிடுமுன் ஒரு வருஷம் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்ததால் வாக்காளர் பட்டியலில் என் பெயர் அங்கேயே கிடந்தது. மனைவியும் மகளும் இன்னும் அந்த அறையில்தான் இருந்தார்கள். தம்பியார் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவன், அவனுக்குச் சொந்த வோட்டு இல்லை. சும்மா கிடக்கிற வோட்டு ஏன் வீணாகப் போவான் என்று என் வாக்காளர் அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. நான் ஊரில், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர். இரண்டு தடவை தேர்தல் கடமைக்குப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் எனக்குக் கிடைத்த உத்தியோகம், வருகிற சனத்தின் இடது கைச் சின்ன விரலில் மை பூசுவது. ஒரே ஆள் இரண்டாம் தரம் வந்து கள்ளவோட்டுப் போடக்கூடாது என்பதற்குத்தான் அந்த மை. எத்தனை விரலுக்குப் பூசியிருப்பேன்! நகம் வெட்டாத விரல், வெண்காயம் மணக்கிற விரல், பூசமுன்னமே நடுங்குகிற விரல். ஆனால் என் விரலில் ஒருநாளும் பூசியதில்லை. கடமையில் இருப்பவர்களுக்குத் தபால் வோட்டு. தபால் வோட்டுக்கு மை கிடையாது. இப்படி நேர்மையாக மை பூசித் திரிந்தவனுடைய பெயரிலேயே கள்ளவோட்டு. அதுவும் வீட்டுக்குள்ளேயே ஆள்!

அந்தத் தேர்தலில் வோட்டை விட எனக்குப் பெரிய விசயம் ஒன்று இருந்தது. நான் ஒக்லாந்துக்கு வந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. வந்தபோது மகளுக்கு மூன்று மாதம். அகதி விண்ணப்பம் போட்டு, விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்துக் கிடந்தேன். அது ஏற்கப்பட்டால் மனைவியையும் பிள்ளையையும் இங்கே கூப்பிடலாம். இல்லையென்றால் நான் திரும்பிப் போகவேண்டும். எப்படியோ மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே சேரவேண்டும், அவ்வளவுதான் என் அரசியல். விசாரணைக்குத் திகதியும் வந்தது. தேர்தல் முடிந்து அடுத்த திங்கட்கிழமை.

ஏவன்டேலில் ரெயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நானும் ஒரு மன்னார் அண்ணையும் குடியிருந்தோம். அண்ணை தச்சுவேலைக்காரன், வேதக்காரன். அவருக்கு விசா எல்லாம் சரி. எனக்கு இருந்த நடுக்கம் அவருக்கு இல்லை. தேர்தலுக்கு அடுத்த நாள் நான் வேலை முடிந்து வர, அவர் கையில் றேடியோவோடு வாசலில் நிற்கிறார்.

“தம்பி, அம்மா வெண்டிட்டா! மாதாவே, சும்மா வெற்றியில்லை, அள்ளிக்கொண்டு போட்டா!”

பதினேழு வருஷம் ஒரே கட்சி எங்கள் தலையில் குந்திக்கொண்டிருந்தது. இந்த அம்மையார் சமாதானம் கொண்டுவருவேன், பேசித் தீர்ப்பேன் என்று சொல்லித் தேர்தலில் நின்றவர். எனக்குச் சொல்லத் தெரியாத சந்தோசம். சப்பாத்தைக் கழற்றாமலே அண்ணையைக் கட்டிப்பிடித்தேன். அண்ணை என்னைத் தூக்கப் பார்க்க, அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு சமோவாக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாருக்கு லொட்டோ விழுந்தது என்று கேட்டார். சண்டை முடியப்போகுது என்று சொன்னேன். அவர் தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய கறணைக்கிழங்கைக் கொண்டுவந்து என் கையில் தந்து, கையைக் குலுக்கிவிட்டுப் போனார். எங்கள் நாட்டின் வெற்றிக்கு முதலில் கிடைத்த வெளிநாட்டு வாழ்த்து அந்தக் கிழங்குதான்.

உடனே வெள்ளவத்தைக்குப் போன் எடுத்தேன். தம்பியார்தான் எடுத்தான்.

“அத்தான், சந்தோசமான செய்தி ரெண்டு. ஒண்டு, அம்மா வெண்டிட்டா. மற்றது, உங்கட வோட்டும் அதுக்குள்ள கிடக்கு.”

“என்னடா சொல்லுறாய்?”

“நான்தான் போட்டனான். நீங்கள் எண்டு சொல்லித்தான் போட்டனான். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல.”

எனக்குக் கச்சேரிக்காரனின் கோபம் வந்தது. கள்ளவோட்டு, சட்டம், சிறை என்று வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப திருப்பி எடுக்கவோ அத்தான்?” என்றான். பிறகு, மெல்ல மெல்ல, அந்த வெற்றியில் நானும் இருக்கிறேன் என்ற எண்ணம் வயிற்றுக்குள் சூடாக இறங்கியது. “சின்னத்தைப் பாத்து ஒழுங்காப் புள்ளடி போட்டனியோ?” என்று மட்டும் கேட்டேன்.

அன்று இரவு முழுக்க என்னை அரித்தது வேறு ஒன்று. வோட்டு என்னுடையது. ஆனால் மை அவனுடைய விரலில். இது என்ன நியாயம்? கடமை செய்த இரண்டு முறையும் கிடைக்காதது, மூன்றாம் முறை சொந்தப் பெயரில் வோட்டு விழுந்தும் கிடைக்கவில்லை. அடுத்த நாள் காலை வேலையில், பெட்டிக்கு முத்திரை குத்துகிற ஊதா மைப் போத்தலைத் திறந்து, இடது கைச் சின்ன விரலை நகம் முழுக்கத் தாழ விட்டு எடுத்தேன். பார்க்கத் தேர்தல் மை மாதிரி அப்படியே இருந்தது. விறைத்த பெட்டியின் ஈரத்திலும் அழியாமல் நிற்பதற்காகச் செய்த மை அது. விரலை விட்ட பிறகுதான் அந்த ஞாபகம் வந்தது.

மேற்பார்வையாளர், வெள்ளைக்காரர், நல்ல மனிசன். விரலைக் கண்டதும் இயந்திரத்துக்குள் நசிந்து செத்துப்போன விரல் என்று நினைத்து என் கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினார். நானும் கூட ஓடினேன். அங்கே வைத்துச் சொன்னேன், ஒன்றுமில்லை, நான் வோட்டுப் போட்டேன் என்று. எப்போது என்று கேட்டார். முந்தாநாள் பின்னேரம் என்றேன். முந்தாநாள் பின்னேரம் நீ என் பக்கத்தில் நின்றாயே என்றார். ஓம், அப்போதுதான் போட்டேன் என்றேன். அவர் தண்ணீர் குடிக்கத் தந்து, பத்து நிமிசம் இருந்துவிட்டு வா என்று சொல்லிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில் வந்தாள். குரலே வேறு. சந்தோசம் என்றால் அவளுக்கு மூச்சுவிடாமல் கதை வரும்.

“இஞ்சேருங்கோ, பாதை திறக்கப் போறாங்களாம். அப்பாவுக்கு ஏலாமல் கிடக்காம், பிள்ளையை ஒருக்கா கண்ணில பாக்கோணும் எண்டு கேக்கிறாராம். பாதை திறந்தா நான் இவளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போட்டு வரட்டே? இல்லாட்டி உங்கட விசாவைப் பாத்துக்கொண்டு இஞ்சயே நிக்கட்டோ? நீங்கள் என்ன சொல்லுறியளோ அதுதான்.”

நான் அப்போது அடுப்பில் கேசரி கிண்டிக்கொண்டு நின்றேன். ஒரு கையில் அகப்பை, மற்றக் கையில் போன், அதில் ஊதா விரல். சந்தோசத்தில் மிதந்துகொண்டிருந்தவனிடம் கேட்டால் வேறு என்ன வரும்?

“போட்டு வாரும். இனி என்ன பயம்? அதுதான் வெண்டிட்டமே. ஆற அமர நிண்டு அப்பாவைப் பாத்துப்போட்டு வாரும்.”

“உண்மையா?”

“என்ர வோட்டே அதுக்குள்ள கிடக்கு. நம்பும்.”

அந்தக் கேசரி ஏன் என்று சொல்லவேண்டும். நல்ல செய்தி என்றால் எங்கள் ஆட்களுக்கு வாயில் இனிப்பு வைக்காமல் சரிவராது. பிள்ளை பிறந்தாலும் சோதனை பாஸானாலும் இனிப்போடு போய்த்தான் செய்தி சொல்லுவோம். கச்சேரியில் ஒருவருக்குப் பதவி உயர்வு வந்தால் பியோன் தொடக்கம் அரசாங்க அதிபர் வரைக்கும் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில், திங்கட்கிழமை அகதி விசாரணைக்குப் போகும்போது இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி நிறையக் கேசரி கொண்டுபோனேன். அரசாங்கக் கந்தோருக்குப் போகிறேன், நாடு வென்றிருக்கிறது, வெறுங்கையோடு போவதா? முந்திரிகை வத்தல் கூட ஒழுங்காகப் பதித்திருந்தேன். மன்னார் அண்ணை மட்டும், “தம்பி, இது சரியோ?” என்று ஒருக்கால் கேட்டார். அவருக்குக் கேசரியில் ஆசை, விட்டுவிட்டுப் போகச் சொல்லுகிறார் என்று நினைத்தேன்.

என் வக்கீல் ஒரு வெள்ளைக்காரப் பெண், இளம் வயது, எனக்காக இரண்டு பெட்டி கோப்பு சுமந்து வந்திருந்தாள். விறாந்தையில் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

“இது என்ன?”

“சந்தோசத்துக்கு. எங்கள் நாட்டில் சமாதானம் வந்துவிட்டது.”

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். உன் நாட்டில் உனக்கு உயிராபத்து என்று நிறுவத்தான் நான் ஐந்து மாதமாக வேலை செய்கிறேன், நீ ஆபத்து முடிந்துவிட்டது என்று இனிப்புக் கொண்டுவந்திருக்கிறாய் என்று மிகவும் அமைதியாகச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் தலையில் குளிர்தண்ணீர் ஊற்றினதுபோல் விளங்கியது. அட கடவுளே! ஐந்து நாளாக ஊரெல்லாம் வெற்றி வெற்றி என்று துள்ளித் திரிந்தவன் என்னுடைய வழக்குக்கே குழி தோண்டியிருக்கிறேன். அவள் என் விரலையும் கண்டாள். விளக்கம் சொன்னேன். கைப்பையிலிருந்து பிளாஸ்ரர் எடுத்து, அந்த விரலைச் சுற்றி ஒட்டினாள். கேசரிப் பெட்டியை மேசைக்குக் கீழே, தன் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

விசாரணை அதிகாரி கழுத்துப்பட்டி கட்டிய மெல்லிய மனிதர். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டு அம்மா ஒருவர். நல்ல மனிசி, ஆனால் மூக்கு கூர்மை. உண்மையே பேசுவேன் என்று நான் சத்தியம் செய்து முடிக்கவில்லை, அவர் மூச்சை இழுத்து, “யாரோ கேசரி கொண்டு வந்திருக்கீங்க போல!” என்றார். அதை ஆங்கிலத்திலும் சொன்னார். அவருடைய வேலை எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பது.

பெட்டி மேசைக்கு வந்தது. அதிகாரி மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று எடுத்தார். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன விசேஷம்னு கேக்குறாரு சார்.”

சத்தியம் செய்தாகிவிட்டது. “தேர்தல் முடிவு” என்றேன். வக்கீல் கண்ணை மூடினாள்.

“நீங்க விரும்புனவங்கதான் ஜெயிச்சாங்களான்னு கேக்குறாரு.”

“ஓம்.”

“சந்தோஷமா இருக்கீங்களா?”

“ஓம்.”

“அப்போ, சமாதானம் வரப்போகுதுன்னா, நீங்க திரும்பிப் போறதுல என்ன பிரச்சினைன்னு கேக்குறாரு.”

கேள்வியில் பிழை இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அறையில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு மகளின் முகம் வந்தது, அதுவும் படத்தில் பார்த்த முகம். இப்போது வாயைத் திறந்து எதையாவது சொல்லாவிட்டால் இரண்டு வருஷம் தண்ணியில் போய்விடும். கடவுளே என்று தொடங்கினேன்.

“ஐயா, நாங்கள் இனிப்புச் செய்யிற சனம். எண்பத்தேழில இந்திய ஆமி வரேக்க மாலை போட்டு, பாயாசம் குடுத்தனாங்கள். ரெண்டு மூண்டு மாசத்தில அவையோடயே சண்டை. பிறகு கொழும்பில பேச்சுவார்த்தை எண்டு சொல்ல எங்கட ஒழுங்கையில லட்டு. அதுவும் முறிஞ்சுது. இனிப்பு எண்டது எங்கட ஆசை. அது நடக்கிறேல்ல. இந்தச் சமாதானமும் நிக்காது. கொஞ்ச மாசத்தில திரும்பச் சண்டை வரும், வரேக்க முந்தினதை விட மோசமா வரும்.”

மொழிபெயர்ப்பாளர் அம்மா இதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். அதிகாரி எழுதினார், எழுதினார், பக்கம் திருப்பி எழுதினார். அதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை. பழைய கதைகள் உண்மைதான், ஆனால் இந்தமுறை அப்படி இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் நிச்சயம். முதல்நாள் மனைவிக்குச் சொன்னதுதான் என் உண்மை. அதிகாரிக்குச் சொன்னது, பிழைக்கத் தெரிந்தவன் சொன்ன கதை. வெளியில் வந்ததும் வக்கீல் என் தோளில் தட்டி, மிச்சக் கேசரியைத் தான் கொண்டுபோகலாமா என்று கேட்டாள்.

முடிவு வரவில்லை. தையில் சண்டை நிறுத்தம் வந்தது. மன்னார் அண்ணை பத்திரிகையோடு ஓடி வந்து பாதி வழியில் நின்றுவிட்டார். “தம்பி, நல்ல செய்தி… உனக்கு எப்பிடியோ தெரியாது” என்றார். கிளென் ஈடனில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனால், சனம் எல்லாம் ஊருக்குப் போகிற கதை, காணி துப்புரவாக்குகிற கதை. நான் சிரித்துக்கொண்டு வடை சாப்பிட்டேன். சமாதானம் நிலைத்தால் என் விண்ணப்பம் போச்சு. நிலைக்காவிட்டால் விசா கிடைக்கும், ஆனால் திரும்பச் சண்டை. அதைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் எப்படிக் கேட்பது? திருநீற்றைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மாசியில் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனாள். வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்து, பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன், இவள் தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுக்கிறாள் என்று ஒரு கடிதம் வந்தது. நான் சொன்னபடியே ஆற அமர நின்றாள்.

சித்திரை வருஷம் பிறந்து ஒரு கிழமை ஆகவில்லை, சண்டை தொடங்கிவிட்டது. பாதை மூடிவிட்டது. இரண்டு பேரும் உள்ளே.

வைகாசியில் எனக்குக் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. காரணங்களைப் பந்தி பந்தியாக எழுதியிருந்தார்கள். நாட்டு நிலைமை பற்றி விண்ணப்பதாரர் முன்கூட்டியே கூறியது பின்னர் நடந்தவற்றோடு பொருந்துகிறது, அவருடைய கணிப்பு நம்பத்தகுந்தது என்று ஒரு வரி. அந்த வரியை வாசித்துவிட்டு மன்னார் அண்ணையிடம் நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். திரும்ப மடித்து உறைக்குள் வைத்தார். வாழ்த்துச் சொல்ல வாய் எடுத்து, பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

வேலையில் மேற்பார்வையாளர் கேக் வாங்கிவைத்திருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். இனிக் குடும்பத்தைக் கூப்பிடலாம்தானே, எப்போது வருகிறார்கள் என்று கேட்டார்கள். நான் சொன்ன பொய்யை நம்பியவர் எனக்கு விசா தந்திருந்தார். நான் சொன்ன உண்மையை நம்பியவள் செல் குண்டுகள் விழுகிற இடத்தில் பிள்ளையோடு இருந்தாள். கேக்கைத் தின்றேன். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன். விரலில் மை எப்போதோ போயிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் யாழ்ப்பாணச் சனம் முழுவதும் மழைக்குள் இடம்பெயர்ந்தபோது அவர்களும் நடந்தார்கள். மனைவியின் அப்பா சாவகச்சேரியில் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் செத்துப்போனார். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் போய், வவுனியா முகாமில் கிடந்து, கொழும்புக்கு வந்து, 1996 புரட்டாதியில் ஒக்லாந்து விமான நிலையத்தில் இறங்கினாள். மகளுக்கு நாலரை வயது. என்னைக் கண்டு தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். ஏன் போகச் சொன்னீர்கள் என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வீட்டுக்கு வந்து சாமான்களை அடுக்கினாள், அந்த ஐஸ்கிறீம் பெட்டியில் மிளகாய்த்தூளைக் கொட்டி மூடினாள்.

அடுத்த மாதமே இங்கே தேர்தல். எனக்கு வோட்டு உண்டு, முதன்முதலாக நேரில் போய்ப் போடுகிற வோட்டு. ஏவன்டேலில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். புள்ளடி போட்டு, கடதாசியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பழக்கதோசத்தில் மேசைக்காரப் பெண்ணிடம் இடது கைச் சின்ன விரலை நீட்டினேன். அவள் விரலைப் பார்த்து, என்னைப் பார்த்து, கவலையாக, நோகிறதா என்று கேட்டாள். இல்லை என்று கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தேர்தலில் யார் வென்றது என்று கிழமைக்கணக்காக ஒருவருக்கும் தெரியவில்லை. கட்சிகள் கூடிக் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தன. வேலையில் எல்லாரும் எரிச்சல்பட்டார்கள். எனக்கும் பொறுக்கமுடியவில்லை, ஒவ்வொரு நாளும் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தினேன். மார்கழியில் ஒருநாள் பின்னேரம் செய்தியில் சொல்லிவிட்டார்கள். என்னை அறியாமல் துள்ளி எழும்பிக் குசினிக்குள் ஓடினேன்.

“இஞ்சேரும், தெரியுமோ? கடைசியா ஆர்…”

அவள் மாவு பிசைந்த கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“சொல்லாதேங்கோ.”

“இல்லையப்பா, இது இஞ்சத்த…”

“ஆரெண்டாலும் வெல்லட்டும். எனக்குச் சொல்லாதேங்கோ. போனமுறை நீங்கள் வெண்டிட்டம் எண்டு சொன்னதுக்குத்தான் நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனான்.”

குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பி ரொட்டியைத் தட்டத் தொடங்கினாள். நான் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினேன். மகள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.